ஒட்டாத முதிரை

பெரிய சத்தமெல்லாம் இல்லை. வெயிலில் காயப்போட்ட உழுந்தங்காய் வெடிக்கிற மாதிரி ஒரு ‘டிக்’. அவ்வளவுதான். கையிலிருந்த வில் ஒன்று இரண்டாகிவிட்டது. கீழே முதிரை மரம், மேலே மூங்கில், நடுவில் ஒரு கடதாசி நுழையும் அளவுக்கு வெளிச்சம். முறிந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மரத்திலும் பழுதில்லை, மூங்கிலிலும் பழுதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த பசைதான் கைவிட்டுவிட்டது.

இந்த வில் கிறுக்கு எனக்குக் கூத்தால் வந்தது. எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. கோயில் வீதியில் ‘அருச்சுனன் தபசு’ ஆடுவதற்கு மருமகனுக்கு ஒரு வில் தேவைப்பட்டது. கமுகஞ் சிலாகை ஒன்றை வளைத்து, மினுங்கல் கடதாசி சுற்றிக் கொடுத்தேன். பெடியன் அதைக் கையில் வாங்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது உண்மையா எய்யுமே?” என்று கேட்டான். எய்யாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இரவு நித்திரை வரவில்லை. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் போகும்போது வில்லுகளை ஒளித்து வைத்தது வன்னி மரத்தில். வன்னி மண்ணில் பிறந்த ஒருவனால் எய்யக்கூடிய வில் ஒன்று செய்ய முடியாதா என்று ஒரு வீம்பு.

மரம் தேடிப் போகவேண்டி இருக்கவில்லை. அம்மப்பாவின் வீட்டுக் கதவுநிலை கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. போர் முடிந்து 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் கூரை இல்லை, சுவரில் பாதி இல்லை, முன்வாசல் நிலை மட்டும் தனியே நின்றது. மழையில் நனைந்து, வெயிலில் வெடித்து, கறுத்துப் போயிருந்தது. கறையான் மட்டும் தொடவில்லை. முதிரை அப்படித்தான். இன்றைக்கு முதிரையை வெட்டவோ ஏற்றவோ அனுமதிப்பத்திரம் வேண்டும், அதனால் பச்சை மரத்தைப் பற்றிய யோசனையே இல்லை. நிலையின் ஒரு காலை நீளவாக்கில் அரிந்தபோது உள்ளே தேன் நிறம். அரிந்த முகம் விளக்கு வைத்த மாதிரி மினுங்கியது. தூள் மூக்கில் ஏறித் தும்மல், அடுத்த நாள் முழங்கையில் சொறி. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடிக்கும் என்று மரவேலை செய்கிற ஓடாவிமாருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, இவ்வளவு வயிரமான மரத்துக்கு மேலே ஏன் மூங்கில் ஒட்டவேண்டும்? வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. எய்பவனுக்கு எதிர்ப்பக்கம் முதுகு, அவனைப் பார்த்திருப்பது வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசியும். முதிரை நன்றாக நசிவு தாங்கும். கன மீற்றருக்கு 900 கிலோவைத் தாண்டும் மரம் அது, தேக்கைவிடப் பாரம். ஆனால் அதன் இழை நேராக ஓடாது. ஒரு அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும், அந்த வரி மினுக்கத்துக்குக் காரணமே அதுதான். தளபாடத்துக்கு அது அழகு. வில்லின் முதுகில் அதே இழை வெட்டுப்பட்டு மேலே வந்து முடிகிற இடமெல்லாம் சிம்பு கிளம்பும், பிறகு முறியும். மூங்கிலின் வெளித்தோலுக்குக் கீழே இருக்கும் நார் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறாமல் ஓடுகிறது. இழுபடுவதற்கென்றே படைத்த சாமான். ஆகவே வயிற்றுக்கு முதிரை, முதுகுப் பட்டைக்கு மூங்கில்.

நடுவில் பசை படும் பாட்டைப் பார்க்கவேண்டுமானால் ஒரு கொப்பியை எடுத்து வளைத்துப் பாருங்கள். தாள்களின் விளிம்பு படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று நகரும். வில்லிலும் மூங்கிலும் முதிரையும் அப்படி நகரத்தான் பார்க்கும். ஒவ்வொரு இழுவைக்கும் பசை இரண்டையும் பிடித்து, “அசையாதே” என்று நிற்கவேண்டும்.

எங்கள் பக்கத்து ஓடாவியார் ஒருவர், எழுபது வயதிருக்கும், நான் முதல் தரம் ஒட்டிக்கொண்டிருந்தபோது வேலியில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உது முதிரையெல்லே?”

“ஓம் ஐயா.”

“உதுக்குப் பசை பிடியாது. எங்கட அப்பர் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினவர். பலாவுக்கு ஒட்டுவார், வேம்புக்கு ஒட்டுவார். முதிரைக்கு மட்டும் துளையும் முளையும்தான். அது எண்ணெய் மரம்.”

நான் கேட்கவில்லை. கடையில் வாங்கிய வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி, இரண்டு நாள் கட்டி வைத்து, மூன்றாம் நாள் செதுக்கத் தொடங்கி, நாலாம் நாள் அந்த ‘டிக்’.

பிளந்த முகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மூங்கில் பக்கத்தில் பசை கல்லாகப் பிடித்திருந்தது. முதிரைப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பசைப் படலத்தை நகத்தால் கிளப்பினால் பொலித்தீன் மாதிரி உரிந்து வந்தது. அதில் முதிரையின் இழை அச்சு அப்படியே பதிந்திருந்தது, ஆனால் ஒரு நார்கூட ஒட்டி வரவில்லை. பசை மரத்தை நன்றாகத் தொட்டிருக்கிறது, பிடிக்கவில்லை. ஒரு ஒட்டு தோற்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இரண்டு முகத்திலும் மரநார் பிய்ந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, மரம்தான் விட்டுக்கொடுத்தது. ஒரு முகம் வழுவழுவென்று சுத்தமாக இருந்தால் பசையை மாற்றுவதில் பெரிய பிரயோசனம் இல்லை, முகத்தைத்தான் கவனிக்கவேண்டும்.

முதிரை, தேக்கு மாதிரியான மரங்களின் வயிரத்தில் எண்ணெயும் மெழுகும் பிசினுமாக ஏதேதோ ஊறியிருக்கும். கறையானையும் பூஞ்சணத்தையும் விரட்டுவது அந்தச் சரக்குத்தான். அம்மப்பாவின் நிலையைக் காப்பாற்றியதும் அதுதான், என் வில்லைப் பிளந்ததும் அதுதான். மரத்தைச் சீவியவுடன் முகம் புதிதாக இருக்கும். நேரம் போகப் போக உள்ளிருக்கும் எண்ணெய் மெல்ல மெல்ல மேலே ஏறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு படையாகப் படியும். காற்றும் பட்டு அந்த முகம் மாறிவிடும். நாம் பசை தடவுவது மரத்தின் மேல் அல்ல, அந்தப் படையின் மேல். இதை ஒரு சொட்டுத் தண்ணீரில் பார்க்கலாம். ஒரு மாதம் கிடந்த முதிரைத் துண்டில் தண்ணீர் விட்டால் தாமரை இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நிற்கும். அதே துண்டைச் சீவிவிட்டு உடனே விட்டால் பரவும். தண்ணீர் பரவாத இடத்தில் பசையும் பரவாது.

எண்ணெய்தானே, துடைத்தால் போச்சு என்று இரண்டாம் தரம் இறங்கினேன். எண்ணெயைக் கரைக்கும் அசற்றோனால் துடைக்கவேண்டும் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். ஒட்டுசுட்டானில் அசற்றோனுக்கு எங்கே போவது? மனிசியின் மேசையில் கியூட்டெக்ஸ் அழிக்கிற போத்தல் ஒன்று இருந்தது. மணந்து பார்த்தேன், அசற்றோன் மணம். சந்தோசமாக முழுப் போத்தலையும் ஊற்றித் துடைத்தேன். பிறகுதான் லேபலை வாசித்தேன்: நகம் வரண்டு போகாமல் இருக்க அதில் எண்ணெய்ப் பசை சேர்த்திருக்கிறார்களாம். அதாவது, எண்ணெய் மரத்தின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வாசனை எண்ணெய் பூசி விட்டிருக்கிறேன். போத்தல் போனதற்கு வாங்கிக் கட்டியது தனிக்கதை.

அந்த வில்லுக்குப் பசையிலும் பிழை விட்டேன். முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளம் திருத்துகிற ஒருவரிடம் பிசின் கொஞ்சம் வாங்கி வந்திருந்தேன். கடலுக்குத் தாங்குவது வில்லுக்குத் தாங்காதா என்ற நினைப்பு. வள்ளத்துக்குப் போடுவது பொலியெஸ்ரர் பிசின். கண்ணாடி நாரோடு சேர்ந்தால் அது நல்ல பலம், மரத்தோடு அதற்கு அவ்வளவு உறவில்லை. எண்ணெய் மரமென்றால் இன்னும் மோசம். சில வயிர மரங்களின் சாறு அந்தப் பிசினை இறுகவே விடாது. என்னுடையதில் மேலே வழிந்தது கல்லு, உள்ளே மரத்தோடு பட்ட இடம் அரைப்பதத்தில் பிசுபிசுத்தது. நாணேற்ற முதலே கையால் உரித்து எடுத்தேன்.

ஆனால் அந்தப் பயணம் வீண்போகவில்லை. வள்ளக்காரரின் பட்டறையில் தூரிகை கழுவுவதற்கு ஒரு கான் நிறைய அசற்றோன் இருந்தது. நான் அலைந்து திரிந்த சாமான், அங்கே தூரிகை கழுவுகிற தண்ணீர்! கழுவிய கானிலிருந்து எடுக்காதே, அதில் பிசின் கரைந்திருக்கும் என்று சொல்லி, புதுக் கானிலிருந்து ஒரு சோடாப் போத்தல் அளவு ஊற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. “வில்லுக்கோ?” என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

மூன்றாம் தரம் நேரே வில்லில் கைவைக்கவில்லை. முதிரையில் விரல் நீளத் துண்டுகள் ஐந்து வெட்டினேன். ஒன்றை இருந்தபடியே விட்டேன். இரண்டாவதைச் சீவாமல் அசற்றோனால் மட்டும் துடைத்தேன். மூன்றாவதைச் சீவிவிட்டு உடனே ஒட்டினேன், துடைக்கவில்லை. நாலாவதைச் சீவி, துடைத்து, ஒட்டினேன். ஐந்தாவதைச் சீவித் துடைத்துவிட்டு ஒரு கிழமை தட்டில் வைத்து, பிறகு ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பசை, இரண்டு குழாயில் வரும், கலந்து பூசினால் மெதுவாக இறுகும் எப்பொக்சி. ஒரு நாள் கழித்து ஒட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன்.

முதலாவது தட்டமுதலே கழன்றது. இரண்டாவதில் பாதி நார் பிய்ந்தது, பாதி வழுக்கியது. மூன்றாவதும் நாலாவதும் ஒட்டில் பிளக்கவில்லை, உளி மரத்துக்குள் இறங்கி முதிரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஐந்தாவதுதான் எனக்குப் பாடம். சீவியிருக்கிறேன், துடைத்தும் இருக்கிறேன், ஆனால் ஒரு கிழமை கிடந்ததும் முதலாவதின் தம்பியாகிவிட்டது.

அசற்றோனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு மந்திரத் தண்ணீர் மாதிரிப் பேசுவார்கள். அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அதற்கு இரண்டாம் இடம். முதலிடம் புதிதாகச் சீவிய முகத்துக்கும் கடிகாரத்துக்கும். சீவியதற்கும் பசை தடவுவதற்கும் இடையில் சோறு தின்னப் போகாதீர்கள். ஒரு நாளைக்குள் ஒட்டலாம் என்று சொல்வார்கள், பலாவுக்கு அது சரியாக இருக்கலாம். முதிரைக்கு நான் அரை மணித்தியாலத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

சீவுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மில்லில் மொட்டை அலகால் இழைத்த பலகை கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக வரும். பார்க்க நல்லாயிருக்கும், ஒட்ட உதவாது. அலகு வெட்டாமல் மேல் நாரை நசித்துத் தேய்த்து விட்டிருக்கும். நான் சீவுளியைத் தீட்டி மட்டம் எடுத்தபின், பழைய இரும்பு அரியும் வாளின் அலகை இரண்டு கையாலும் பிடித்து, பல்லை மரத்தில் சாய்த்து, நீளவாக்கில் இழுப்பேன். மெல்லிய கோடு கோடாக விழும், தூள் மாவாக வரும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பழைய மினுக்கம் ஒரு பொட்டும் இல்லாமல் மங்கலாக வந்தால் சரி. கோடுகள் பசைக்குப் பிடி கொடுக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். அதைவிட, எங்கே சுரண்டவில்லை என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதுதான் பெரிய உதவி.

பிறகு துடைப்பு. பழைய வேட்டித் துணியைச் சிறு சிறு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள்வேன். வெள்ளைத் துணிதான் வேண்டும், சாயத் துணியானால் சாயம் இறங்கும். ஒரே திசையில் ஒரு இழுவை, துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த இழுவை. முதல் துணி மஞ்சள் தடவிய மாதிரி வரும். நாலாவது ஐந்தாவது துணி வெள்ளையாகவே திரும்பினால் நிறுத்தலாம். அதே அழுக்குத் துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எடுத்த எண்ணெயைத் திரும்பப் பரப்புகிறோம். இன்னொன்று: அசற்றோன் ஆவியாகும்போது மரம் குளிர்ந்துபோகும். மாரி காலத்தில், வாடை ஈரத்தோடு வீசும்போது, அந்தக் குளிர்ந்த முகத்தில் ஈரம் பிடித்துவிடும். அதனால் நான் ஒட்டுவேலையைத் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் காலத்துக்குத் தள்ளி வைக்கிறேன். அடுப்படிப் பக்கம் இந்தப் போத்தலைக் கொண்டுபோகவே கூடாது, பக்கென்று பற்றும்.

மூங்கிலுக்கு இவ்வளவு தொந்தரவு இல்லை. நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். உட்பக்கத்து மெதுவான சோத்தியை முழுதாகச் சீவி எடுத்து, நடுவில் 3 மில்லிமீற்றர், முனைகளை நோக்கி 2 என்று மெலிய விட்டேன். வெளிப்பக்கத்துப் பச்சைத் தோலை மட்டும் சுரண்டலாம், அதற்குக் கீழே உள்ள நாரை அறுக்கக்கூடாது. கணுக்களை அரம் போட்டு மட்டப்படுத்த ஆசை வரும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எப்பொக்சியை இரண்டு முகத்திலும் தடவி, பத்து நிமிடம் பொறுத்து, வறண்ட இடத்தில் மறுபடி தடவி, சேர்த்தேன். அமுக்கிப் பிடிக்கும் கவ்விகள் என்னிடம் இரண்டுதான் இருந்தன. சைக்கிள் கடையில் எறிய வைத்திருந்த ரியூப்கள் கைகொடுத்தன. நீளவாக்கில் நாடாவாக வெட்டி, நடுவிலிருந்து முனைவரை இழுத்துச் சுற்றினேன். ரியூப் எல்லா இடமும் ஒரே மாதிரி அமுக்கும், அது நல்லது. ஆனால் மல்லுக்கட்டி இறுக்கத் தேவையில்லை. எப்பொக்சிக்குத் தன்னிடத்தில் கொஞ்சம் தடிப்பு வேண்டும். உயிர்போக இறுக்கினால் எல்லாம் வெளியே வழிந்து, உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. விளிம்பில் சீராக மணி மணியாக வழிந்தால் போதும். கட்டை அப்படியே தகரக் கொட்டிலுக்குள் ஒரு நாள். ஆவணி வெயிலில் தகரத்தின் கீழே நிற்கமுடியாது, எப்பொக்சி இறுகுவதற்கு அந்தச் சூடு நல்லது. வெள்ளைப் பசைக்கு இதே சூடு எமன். இறுகின பிறகும் சூட்டில் இளகி, பாரம் இருந்தால் மெல்ல நகரும் பசை அது. என் முதல் வில்லை வெயிலில் சாத்தி வைத்ததும் ஒரு பிழைதான் என்று பிறகு விளங்கியது.

இடையில் ஓடாவியார் இன்னொரு யோசனை சொன்னார், மேளத்துக்குப் போடும் ஆட்டுத்தோலை வச்சிரத்தில் ஊறவைத்து முதுகில் இழுத்து ஒட்டச் சொல்லி. செய்யலாம். தோல் சிம்பு கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும், மூங்கில் மாதிரி பாரத்தைச் சுமக்காது. மாரி ஈரத்தில் வச்சிரம் இளகும் என்ற பயமும் எனக்கு உண்டு. பழைய பாட்டுகளில் ‘வரிவில்’, ‘வரிசிலை’ என்று வரும், வரிந்து கட்டிய வில் என்று உரைகாரர் பொருள் சொல்வார்கள். வில்லின் மேல் எதையாவது சுற்றிக் கட்டிக் காப்பாற்றவேண்டும் என்ற கவலை அப்போதே இருந்திருக்கிறது. நானும் இரண்டு முனையிலும் ஒட்டு முடிகிற இடத்தில் நூல் சுற்றினேன். ஒட்டு பிளக்கத் தொடங்கினால் பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும்.

66 அங்குல வில், 28 அங்குலம் இழுத்தால் ஏறக்குறைய 40 இறாத்தல். மீன் நிறுக்கும் தொங்கு தராசில் பார்த்தேன். செதுக்கி, வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளையச் செய்ய மூன்று கிழமை போனது, அந்த வேலையை எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். மருமகன் வந்து எய்தான். முதல் அம்பு வடலிக்குள் போய் இன்னும் கிடைக்கவில்லை. வில்லை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வள்ளக்காரரிடம் காட்டப் போனபோது வழியில் மறித்து, இது என்ன என்று கேட்டார்கள். கூத்துச் சாமான் என்றேன். அவர்கள் நம்பியதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

ஓடாவியார் ஒரு பின்னேரம் வந்து வில்லை வாங்கி, ஒட்டின் நீளத்துக்கு நகத்தை ஓட்டிப் பார்த்தார். காதுக்குக் கிட்டப் பிடித்து வளைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொட்டிலுக்குள் போய், கிடந்த சோதனைத் துண்டுகளில் நாலாவதை எடுத்து, மடியிலிருந்த தன் உளியால் ஒரு போடு போட்டார். முதிரை பிய்ந்து வந்தது. பிய்ந்த இடத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

“உந்தப் போத்திலிலை மிச்சம் கிடக்கே?”

“அரைவாசி கிடக்கு ஐயா.”

“கொஞ்சம் ஊத்தித் தா. ஒரு கதிரைக்கால் கனகாலமாக் கழண்டு கழண்டு விழுகுது.”